இப்பன்கட்டுவ ஈமக்காடு

இப்பன்கட்டுவ, இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளைக்கு அருகே, கி.மு. முதல் ஆயிரமாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பெருங்கற்கால ஈமக்காடு ஆகும். இங்குள்ளவை கற்பதுக்கை வகையின. நான்கு பலகைக்கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் இட்டு அமைத்த பதுக்கைகளில் எரியூட்டப்பட்டோரின் எச்சம், மட்கலங்கள், சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. 1980களில் அகழாய்வு நடந்தது. திறந்த பதுக்கைகளைப் பார்வையாளர் இன்று நேரில் காணலாம்.

கற்பதுக்கையும் கருப்பு-சிவப்பு மட்கலமும் தமிழகத்திலும் பரவலாக இருப்பதால், இவற்றை அமைத்தோர் அங்கிருந்து குடியேறியவர்களே என்ற கருத்து உண்டு. குடியேற்றத்தை மறுக்க முடியாது. ஆனால் ஈமமுறை வணிகத்தாலும் மணஉறவாலும் பரவக்கூடியது என்பதால், அது மட்டுமே இனத்துக்கோ மொழிக்கோ சான்றாகாது. நாட்டுக்குள்ளேயே முறை வேறுபடுகிறது: புத்தளம் மாவட்டத்துப் பொம்பரிப்பில் தாழி அடக்கமே சிறப்பு. வந்தவர்கள் வெற்று நிலத்தில் இறங்கவுமில்லை. எல்லவுக்கு அண்மையிலுள்ள பண்டாரவளையில் கிடைத்த குவார்ட்ஸ் நுண்கருவிகள், ஊவா மலைநாட்டில் இதற்கு வெகுகாலம் முன்பே வேட்டைச் சமூகங்கள் வாழ்ந்ததைக் காட்டுகின்றன. பாக்கு நீரிணையின் இருகரைகளும் கொண்டிருந்த நீண்ட தொடர்புக்குச் சான்றாவதே இப்பன்கட்டுவவின் முதன்மைச் சிறப்பு.