மேட்டூர் நீர்த்திறப்பு நாள்

மேட்டூர் நீர்த்திறப்பு நாள் என்பது, தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்தில் காவிரியாற்றின் குறுக்கே அமைந்துள்ள மேட்டூர் அணையிலிருந்து காவிரி டெல்டாப் பாசனத்துக்கு ஆண்டுதோறும் நீர் விடத் தொடங்கும் நாளைக் குறிக்கும். மரபாக இது ஜூன் 12 ஆகும். அணையின் நீர் இருப்பைப் பொறுத்து இந்நாள் முந்துவதும் பிந்துவதும் உண்டு. ஏறத்தாழ 16 இலட்சம் ஏக்கர் நிலம் ஒரே அணையின் மதகுகளைச் சார்ந்துள்ளது. எனவே, எப்போது விதைப்பது, எந்த நெல்லை விதைப்பது என்ற தனி உழவரின் முடிவுகளை இந்நாளே பெரிதும் தீர்மானிக்கிறது. தொழில்நுட்ப அமைப்பு ஒன்றைச் சார்ந்து வாழும் சமூகத்தில் பொது ஒழுங்குக்கும் தனியொருவரின் தெரிவுக்கும் இடையே உள்ள உறவை விளக்க இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

அணை கட்டப்படுவதற்கு முன்னர், டெல்டாவின் வேளாண்மை ஆற்றின் இயல்பான நீர்வரத்தை நம்பியிருந்தது. கல்லணையும், 1836ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் முயற்சியால் அமைந்த மேலணையும் நீரைப் பிரித்து அனுப்பினவே தவிர, அதனைத் தேக்கி வைக்கவில்லை. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. 1924ஆம் ஆண்டு பெருவெள்ளம் பேரழிவை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையே காவிரி ஒப்பந்தம் ஏற்பட்டது. மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் நிறைவடைந்தது. அப்போதைய ஆளுநரின் பெயரால் இது ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்பட்டது. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி).

அணைக்காகப் பல ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். நீர்மட்டம் வெகுவாகக் குறையும் காலங்களில், பண்ணவாடிப் பகுதியில் மூழ்கிய நந்தி சிலையும் கிறித்தவக் கோயிலின் கோபுரங்களும் வெளியே தெரிவதைக் காணலாம்.

பாசன நாட்காட்டி

டெல்டாப் பாசனத்துக்கு ஜூன் 12 முதல் சனவரி 28 வரை நீர் வழங்குவது வழமை. இக்காலத்துக்கான தேவை சுமார் 330 டிஎம்சி எனக் கணக்கிடப்படுகிறது. இது அணையின் கொள்ளளவைப் போல மூன்று மடங்குக்கும் மேலானது. ஆகவே, திறக்கும் நாளில் உள்ள இருப்பு மட்டும் போதாது. கருநாடகத்திலிருந்து வரும் நீரும் பருவமழையும் கைகொடுக்க வேண்டும்.

திறக்கப்பட்ட நீர் கல்லணையை அடைய மூன்று, நான்கு நாட்களாகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவற்றின் வழியாகக் கடைமடைக்குச் செல்ல மேலும் பல நாட்களாகும். இதனையொட்டிப் பின்வரும் நெற்பருவங்கள் அமைகின்றன:

குறுவை: ஜூன், ஜூலையில் தொடங்கும் குறுகிய காலப் பயிர்.
சம்பா: ஆகஸ்ட் வாக்கில் தொடங்கிச் சனவரியில் அறுவடையாகும் நீண்ட காலப் பயிர்.
தாளடி: குறுவை அறுவடைக்குப் பின் அதே வயலில் நடப்படும் பயிர்.

பொது ஒழுங்கின் பயன்கள்

எல்லோரும் ஒரே காலத்தில் பயிரிடும்போது வாய்க்காலில் நீரைப் பங்கிடுவது எளிதாகிறது. நீர் குறைவாக இருக்கும்போது, ஆறுகளுக்கும் வாய்க்கால்களுக்கும் முறை வைத்து நீர் விடப்படுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் விருப்பப்படி விதைத்தால் தலைமடையில் இருப்பவர் முதலில் எடுத்துக்கொள்வார். கடைமடைக்காரருக்கு எதுவும் மிஞ்சாது. மேலும், ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே காலத்தில் நட்டு ஒரே காலத்தில் அறுத்தால், பூச்சிகளுக்கும் எலிகளுக்கும் தொடர்ந்து உணவு கிடைப்பது தடைப்படுகிறது. எனவே இந்நாட்காட்டி வலிமை குறைந்தவருக்கு ஒரு பாதுகாப்பும் ஆகும்.

ஒரே நாளைச் சார்ந்திருப்பதன் இடர்கள்

திறப்பு பிந்தினால் குறுவையைப் பலர் கைவிட நேர்கிறது. பிந்தி நட்ட குறுவை, அறுவடை வேளையில் வடகிழக்குப் பருவமழையில் சிக்கக்கூடும். எல்லோரும் ஒரே காலத்தில் அறுப்பதால் அறுவடை இயந்திரங்களுக்குத் தட்டுப்பாடு ஏற்படுகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் குவிந்து, ஈரப்பதம் மிகுந்து தேங்குவதும் உண்டு.

உரிய நாளில் திறந்தாலும் இடர் நீங்குவதில்லை. 2023ஆம் ஆண்டில் ஜூன் 12 அன்று அணை திறக்கப்பட்டது. அதனை நம்பி உழவர் குறுவை நட்டனர். பின்னர் நீர்வரத்து போதாமல் போனது. கடைமடைப் பகுதிகளில் பயிர் கருகியது. அக்டோபர் 10ஆம் நாள் அணை மூடப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு எக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணத்தை மாநில அரசு அறிவித்தது. பொது நாட்காட்டியைப் பின்பற்றியவரே இங்கு இழப்புக்கு உள்ளானார்.

தனி வழிகள்

ஆழ்துளைக் கிணறோ வடிமுனைக் குழாய்க் கிணறோ உள்ள உழவர் அணை திறக்கும் வரை காத்திருப்பதில்லை. நிலத்தடி நீரைக் கொண்டு முன்கூட்டியே நாற்று விட்டு நட்டுவிடுகின்றனர். எனினும் இவ்விடுதலை மற்றொரு தொழில்நுட்பத்தைச் சார்ந்ததே. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரமே அவர்தம் பாசன நேரமாகிறது. தமிழ்நாட்டில் வேளாண் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுவதால் மின்செலவு தடையாக இல்லை. ஆனால் கிணறு அமைக்கும் செலவை எல்லோராலும் ஏற்க இயலாது. நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால் அங்குள்ளோர்க்கு இவ்வழியும் இல்லை. நீரை மிகுதியாக இறைத்தால் நீர்மட்டம் தாழ்ந்து அண்டை வயல்காரரையும் அது பாதிக்கும்.

விதைத் தெரிவிலும் இதே நிலையைக் காணலாம். 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடீ வகைகள், குறிப்பாகக் குறுகிய கால வகைகள், டெல்டாவில் பெரிதும் பரவின. இதனால் மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் முதலிய மரபு வகைகள் அருகின. இவற்றை மீட்கத் திருத்துறைப்பூண்டிப் பகுதியில் நெல் ஜெயராமன் (இறப்பு: 2018) நெல் திருவிழாக்களை நடத்தினார். அங்கு இரண்டு கிலோ விதை பெற்றவர் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். தனி வழியும் ஒரு கூட்டு ஏற்பாட்டின் மூலமே நிலைபெற்றது என்பது கருதத்தக்கது.

அணையை ஒட்டிய பகுதிகள்

சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் சுமார் 45,000 ஏக்கர் நிலம் மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களால் பாசனம் பெறுகிறது. இவற்றுக்கு ஆகஸ்ட் 1 முதல் திசம்பர் 15 வரை 137 நாட்கள் நீர் விடுவது வழமை. இதன்படி, நெடுந்தொலைவில் உள்ள டெல்டாவுக்கு ஜூனில் நீர் செல்ல, அணைக்கு அருகில் உள்ள உழவர் ஆகஸ்ட் வரை காத்திருக்கின்றனர்.

அண்மைய திறப்பு நாட்கள்

2011: ஜூன் 6
2012: செப்டம்பர் 17
2017: அக்டோபர் 2
2018: ஜூலை 19
2019: ஆகஸ்ட் 13
2020, 2021: ஜூன் 12
2022: மே 24
2023: ஜூன் 12
2024: ஜூலை 28
2025: ஜூன் 12

இவற்றையும் பார்க்க

கல்லணை
காவிரி ஆற்று நீர்ப் பங்கீடு
குறுவை
ஆடிப்பெருக்கு