பயண நீர்வண்ண ஓவியம்

பிற நாட்டுப் பயணத்தில் கண்ட இடங்களையும் மக்களையும் அங்கேயே பென்சிலாலோ பேனாவாலோ கோடிட்டு, நீரில் கரையும் வண்ணத்தால் தீட்டும் கலை. எண்ணெய் வண்ணம் உலர நாள்கணக்கில் ஆகும். நீர்வண்ணம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். பிசினில் குழைத்த வண்ணம், கொஞ்சம் தண்ணீர், தாள் இவ்வளவே போதும் என்பதால் வழிப்போக்கு ஓவியர்கள் ஐந்நூறு ஆண்டுகளாக இதை நாடிவந்திருக்கிறார்கள். அந்த நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் இப்படங்களுக்குக் குறிப்பேட்டின் தகுதிதான் இருந்தது. ஊர் திரும்பியபின் தீட்டவிருக்கும் பெரிய ஓவியத்துக்கோ, செப்புத்தகட்டு அச்சுக்கோ, நிலப்படத்துக்கோ இவை மூலப்பொருள். அந்தக் குறிப்பே ஒரு படைப்பாக மதிப்புப் பெற்றதுதான் இக்கலையின் வரலாறு.

நியூரம்பர்க் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1494-95இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி சென்றுவந்தார். வழியில் இன்ஸ்ப்ரூக், ட்ரென்ட், ஆர்கோ ஆகிய ஊர்களை நீர்வண்ணத்தில் தீட்டினார். ஐரோப்பாவில் எஞ்சியுள்ள நீர்வண்ண நிலக்காட்சிகளுள் மிகப் பழையவற்றில் இவை சேரும். புனிதர் கதையோ மன்னர் உருவமோ இல்லாமல் ஓர் ஊரை அந்த ஊருக்காகவே வரைந்த துணிவு அக்காலத்தில் அரிது. இதற்குத் தொடர்ச்சி உடனே உண்டாகவில்லை. அடுத்த இரு நூற்றாண்டுகளில் கப்பலேறிய ஓவியர்கள் பெரும்பாலும் பிறர் ஏவலில் வரைந்தவர்கள். 1585இல் வட அமெரிக்காவின் ரோனோக் தீவுக்குச் சென்ற ஆங்கிலேயர் ஜான் ஒயிட், அங்கிருந்த தொல்குடி மக்களின் ஊர்களையும் உணவையும் உடையையும் வரைந்தார். தியோடோர் த ப்ரை 1590இல் அவற்றைச் செப்புத்தகட்டில் செதுக்கி வெளியிட்டபோது, அம்மக்களின் முகமும் உடற்கட்டும் ஐரோப்பியச் சாயலுக்கு மாறிப்போயின. மூலப்படங்கள் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பதால்தான் எந்த அளவு மாறின என்பதை இன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

கேப்டன் குக்கின் எண்டவர் கப்பலில் 1768இல் புறப்பட்ட சிட்னி பார்க்கின்சன் செடிகொடிகளை வரைய அமர்த்தப்பட்டவர். கரையிறங்கிய இடமெல்லாம் புதுச் செடிகள் வந்து குவிந்தன. வாடுமுன் எல்லாவற்றையும் தீட்டி முடிப்பது ஒருவரால் ஆகிற காரியமில்லை. ஆகவே கோட்டுருவம் வரைந்து, ஓர் இலைக்கும் ஓர் இதழுக்கும் மட்டும் வண்ணம் இட்டு, மற்றவற்றின் நிறத்தை எழுத்தில் குறித்துவைத்தார். 900க்கு மேற்பட்ட தாவரப் படங்களை விட்டுச்சென்ற அவர், 1771 ஜனவரியில் பட்டேவியாவைக் கடந்தபின் நடுக்கடலில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். ஊர் திரும்பி அவற்றை முடிக்க அவருக்கு வாய்க்கவில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பிரிட்டனில் வசதி படைத்த இளைஞர்கள் இத்தாலிக்குக் கல்விப் பயணம் போவது வழக்கமாயிற்று. அவர்களுடனோ அவர்கள் போன வழியிலோ ஓவியர்களும் போனார்கள். எக்ஸிட்டர் நகர ஓவியர் பிரான்சிஸ் டவுன் 1780-81இல் ரோமில் தங்கினார். பேனாக் கோட்டுக்குள் தட்டையாக வண்ணம் பரப்புவது அவர் பாணி. படத்தின் பின்புறம் வேளையையும் வெளிச்சம் வந்த திசையையும் எழுதிவைப்பார். ராயல் அகாடமி அவரைப் பலமுறை நிராகரித்தது. ரோம் படங்களைக் கடைசிவரை தம்மிடமே வைத்திருந்து, 1816இல் இறக்கும்போது பிரிட்டிஷ் மியூசியத்துக்கு எழுதிவைத்தார். அவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கவனிப்பாரின்றிக் கிடந்தன. இன்று அவற்றை எடுத்துப் பார்த்தால், மர நிழலும் சிதைந்த செங்கல் சுவரும் எவ்வளவு குறைந்த வண்ணத்தில் நிலைபெறுகின்றன என்று வியக்காமல் இருக்க முடியாது.

வண்ணம் எளிதாகக் கையில் கிடைத்தது இதே காலத்தில்தான். அதுவரை ஓவியரோ அவருடைய உதவியாளரோ நிறக்கல்லை அரைத்துப் பிசினில் குழைக்கவேண்டும். லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் தேன் கலந்து, எளிதில் கரையும் வண்ணக்கட்டிகளை வார்த்தார்கள். 1781இல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் இதற்காக வெள்ளியாலான வண்ணத்தட்டைப் பரிசளித்தது. 1832இல் தொடங்கிய வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் கிளிசரின் சேர்த்து, ஈரத்தூரிகை பட்டதும் நெகிழும் வண்ணத்தை விற்றது. அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ரேண்ட் 1841இல் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகளில் நீர்வண்ணமும் அதில் அடைபட்டு வந்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் தகரப் பெட்டி பரவியபின், தொழில்முறை ஓவியரல்லாதவர்கள் வரைவதும் பெருகியது. கவர்னர் ஜெனரல் ஆக்லந்தின் சகோதரி எமிலி ஈடன், கானிங் பிரபுவின் மனைவி ஷார்லட் கானிங் போன்ற பெண்கள் இந்தியாவில் தீட்டியவை இன்று வரலாற்று ஆவணங்கள்.

தமிழ்நாட்டின் பழைய நிலக்காட்சிகள் சிலவும் இந்த மரபில் கிடைத்தவையே. தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1785இல் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, 1792இல் சென்னையிலிருந்து தென்திசைப் பயணம் தொடங்கினர். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. படை நடந்த வழியையும் மலைக்கோட்டைகளையும் ஒட்டியே அவர்கள் போனார்கள். அந்தப் போரைச் செய்தியாகப் படித்த ஆங்கிலேயர்தாம் இப்படங்களை வாங்குவார்கள் என்பது அவர்கள் கணக்கு. மதுரை, பாபநாசம் அருவி, திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோயில் எல்லாம் காட்சியைத் தாளில் விழவைக்கும் கேமரா அப்ஸ்கூரா என்ற பெட்டியின் துணையோடு பென்சிலிலும் மென்வண்ணத்திலும் பதிவாயின. லண்டன் திரும்பி, 1795 முதல் 1808 வரை அக்வாடின்ட் என்னும் செப்புத்தகட்டு அச்சுமுறையில் 144 படங்களாக வெளியிட்டனர். செப்பனிடப்படுவதற்கு முன் திருமலை நாயக்கர் அரண்மனை எவ்வளவு சிதைந்திருந்தது என்பதற்கு அவர்கள் படம் நல்ல சான்று. போரின் வடு மட்டும் இப்படங்களில் எங்கும் தென்படாது. அழகான இடிபாட்டை விரும்பிய சந்தைக்காக வரைந்ததன் விளைவு அது.

ஆங்கில ஓவியர் டர்னர் 1819இல் முதன்முறை இத்தாலி சென்றபோது இருபதுக்கு மேற்பட்ட குறிப்பேடுகளை நிரப்பினார். பெரும்பாலும் பென்சில்தான். வெளியில் அமர்ந்து ஒன்றுக்கு வண்ணம் தீட்டும் நேரத்தில் பல பென்சில் படங்கள் எடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ஆயினும் வெனிஸில் சில காலைப்பொழுதுகளை வண்ணத்தில் பிடித்தார். தாளின் வெண்மையே அங்கே வெயிலாகிறது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1832இல் ஒரு தூதுக்குழுவுடன் மொராக்கோ போய்க் குறிப்பேடுகளில் எழுத்தும் வண்ணமும் கலந்து நிறைத்தார். வாழ்நாள் முழுதும் தம் எண்ணெய் ஓவியங்களுக்கு அவற்றிலிருந்தே எடுத்துக்கொண்டார். என் கருத்தில், அந்தப் பெரிய ஓவியங்களைவிடக் குறிப்பேட்டுப் பக்கங்களில்தான் மொராக்கோவின் வெளிச்சம் கூடுதலாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு, 1833 அக்டோபரில், கோமோ ஏரிக்கரையில் ஆங்கிலேயர் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், காட்சியைத் தாள்மேல் தெரியவைக்கும் கேமரா லூசிடா என்ற கருவியை வைத்து வரைய முயன்றார். கை வரவில்லை. இயற்கை தானே தாளில் பதிந்தால் என்ன என்று அங்கே எழுந்த எண்ணம், 1839இல் அவர் அறிவித்த ஒளிப்பட முறையாக முடிந்தது. ஒளிப்படம் பிறந்ததற்கு ஒரு பயண ஓவியத் தோல்வியும் காரணம் என்பது இக்கலையின் வரலாற்றில் விடக்கூடாத செய்தி. ஆனால் அக்கால ஒளிப்படத்தில் நிறம் இல்லை. ஆகவே தூரிகைக்கு வேலை குறையவில்லை.

நகைச்சுவைப் பாடல்களால் புகழ்பெற்ற எட்வர்ட் லியர், வைஸ்ராய் நார்த்புரூக்கின் அழைப்பில் 1873 நவம்பரில் தம் 61ஆம் வயதில் இந்தியா வந்தார். 1875 தொடக்கம்வரை இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி, ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் வரைந்தார். மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சி, தஞ்சை எல்லாம் அவற்றில் உண்டு. இடத்தில் பென்சிலால் வேகமாக வரைந்து, தேதியும் மணியும் ஊர்ப்பெயரும் நிறங்களும் எழுதிவிடுவார். பின்னர் மையால் கோட்டை உறுதிப்படுத்தி மென்வண்ணம் பூசுவார். அவருக்கு இவை வீட்டில் தீட்டவேண்டிய ஓவியங்களுக்கான சேமிப்பு. எழுத்தும் படமும் பின்னிய அந்தத் தாள்களைத்தான் இன்று அருங்காட்சியகங்கள் அவர் எண்ணெய் ஓவியங்களைவிட விரும்பித் தேடுகின்றன. தென்துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழுவில் அண்டார்ட்டிக்கா சென்ற மருத்துவர் எட்வர்ட் வில்சனும் இதே முறையைக் கையாண்டார். அங்கே வெளியில் தண்ணீரே உறைந்துவிடும், விரலும் விறைத்துவிடும். பென்சில் குறிப்போடு குடிலுக்குத் திரும்பி, விளக்கொளியில் வண்ணமிட்டார். வெப்ப நாடுகளில் துன்பம் வேறு: வண்ணம் பரவுமுன் காய்ந்துவிடும், ஈரக்காற்றில் தாளின் பசைப்பூச்சு கெட்டுத் திட்டுத்திட்டாக உறிஞ்சும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறிப்பு என்ற தகுதி உதிர்ந்தது. ஜான் சிங்கர் சார்ஜென்ட் வெனிஸிலும் பிற ஊர்களிலும் தீட்டிய 83 நீர்வண்ணப் படங்களை 1909இல் புரூக்ளின் அருங்காட்சியகம் ஒட்டுமொத்தமாக வாங்கியது. அவை எதற்கும் முன்வரைவாக வரையப்பட்டவை அல்ல. 1914 ஏப்ரலில் பால் க்ளே, அவுகுஸ்ட் மாக்கே, லூயி மொய்யே மூவரும் துனீசியா சென்றனர். கைருவான் நகரின் சதுர வீடுகள் க்ளேயின் தாளில் நிறக்கட்டங்களாயின. அதன்பின் நிறமே அவர் ஓவியத்தின் அடிப்படை ஆயிற்று. மாக்கே அவ்வாண்டு செப்டம்பரிலேயே போர்முனையில் மாண்டார். அவருடைய துனீசிய நீர்வண்ணங்கள் அவர் வாழ்வின் உச்சம்.

பின்னர் வந்த மலிவான கேமராக்களும் வண்ணச்சுருளும் பயணிகளின் கையிலிருந்து தூரிகையை வெகுவாக அகற்றின. அப்போது சியாட்டிலில் வாழ்ந்த பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கம் அதை மீட்டதில் பெரும்பங்கு வகித்தது. நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரையவேண்டும் என்பது அவர்கள் முதல் விதி. 2010இல் போர்ட்லண்டில் நடந்த முதல் மாநாட்டுக்குப் பின் லிஸ்பன், பார்சிலோனா, சிங்கப்பூர் என ஊர் ஊராகக் கூடுகிறார்கள். தண்ணீரைக் காம்பிலேயே அடைத்த தூரிகையும், உள்ளங்கையளவு வண்ணப்பெட்டியும், தடித்தாள் நோட்டும் இவர்கள் சாமான்கள். வரைந்த பக்கம் நோட்டிலேயே இருக்கிறது. அதை வைத்து வீட்டில் இன்னொன்று தீட்டவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.