நெய்யூர் முதல் திருவனந்தபுரம் வரை: வாயைத் திறந்து பார்த்த கதை

நம் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் வெற்றிலைச் செல்லம் இல்லாத திண்ணை கிடையாது. பல் போன பாட்டிகளுக்கு இடிப்பதற்குச் சின்ன உரல், துப்புவதற்குக் கோளாம்பி, சுண்ணாம்புக்குத் தனி டப்பி. மயிலாடியில் கல் கொத்துகிறவர்களும் வாயில் ஒன்றை அடக்கிக்கொண்டுதான் உளி பிடிப்பார்கள். வெற்றிலையோடு பாக்கு, அதோடு ஒரு துண்டு போயிலை. அது கன்னத்து ஓரத்தில் மணிக்கணக்காக ஊறிக் கிடக்கும்.

இந்தப் பழக்கத்துக்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் நம் மாவட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மயிலாடியில் ரிங்கல்தௌபே காலத்தில் வேலை தொடங்கிய லண்டன் மிஷன்தான் 1838-ல் நெய்யூரில் மருத்துவப் பணியை ஆரம்பித்தது. அந்த நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். 1933-ல் அதே நெய்யூரைச் சேர்ந்த டாக்டர் ஓர், லான்செட் இதழில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி விரிவாக எழுதினார். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் நெய்யூரில் கத்தி பிடித்ததும் அந்தக் காலத்தில்தான். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம்.

காரணம் தெரிந்துவிட்டது. நோய் வருமுன்போ வந்த புதிதிலோ கண்டுபிடித்தால் ஆளைக் காப்பாற்றலாமா? கேட்கிறவர்கள் "இதென்ன கேள்வி, காப்பாற்றலாம்தானே" என்பார்கள். அது அவ்வளவு லேசான கேள்வி இல்லை. 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் இதற்கு நெறிகள் வகுத்தார்கள். நல்லா இருக்கிற ஆளைக் கூப்பிட்டுச் சோதிப்பதென்றால், அந்தச் சோதனையால் அவருக்கு நன்மை உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும், கண்டுபிடித்த பிறகு கொடுக்க வைத்தியமும் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வாய்ப் புற்றுக்கு அந்த நிரூபணத்தைத் தேடியது திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். நம் ஆட்கள் 'ஆர்.சி.சி.' என்றுதான் சொல்வோம், இங்கிருந்து பஸ் ஏறிப் போகாத குடும்பம் குறைவு. டாக்டர் சங்கரநாராயணன், டாக்டர் ராமதாஸ் முதலானவர்கள் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, சீட்டுப் போட்டதுபோலப் பிரித்தார்கள். 7 பஞ்சாயத்துகளில் 35 வயது தாண்டியவர்களுக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை. மற்ற 6-ல் வழக்கமான வைத்தியம் மட்டும். 1996-ல் தொடங்கிய வேலை. மொத்தம் 1,91,873 பேர்.

வீடு வீடாகப் போனவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி கொடுக்கப்பட்ட பட்டதாரிகள். கையில் பெரிய மெஷின் எதுவும் கிடையாது. வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவிப் பார்ப்பது. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாமல் உள்சதை இறுகிப்போவது ஆகியவற்றைத் தேடினார்கள்.

2005-ல் லான்செட்டில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த பக்கம் 205 பேருக்குப் புற்று, 77 பேர் இறந்தார்கள். நடக்காத பக்கம் 158 பேருக்குப் புற்று, 87 பேர் இறந்தார்கள். இதை வைத்து "ஒரு பக்கம் நூற்றுக்கு 38 பேர் சாவு, இன்னொரு பக்கம் 55, எத்தனை வித்தியாசம்!" என்று துள்ளக்கூடாது. முன்கூட்டியே கண்டுபிடித்தால், சாகும் நாள் மாறாவிட்டாலும், நோயோடு வாழ்ந்த காலம் நீண்டதுபோலத் தெரியும். அதனால் மொத்த ஜனத்தொகைக்கு எத்தனை சாவு என்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய 95 ஆயிரம் பேர். அப்படிப் பார்த்தால் 77-க்கும் 87-க்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் நின்றது.

ஆனால் புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. சோதித்த பக்கம் 70 சாவு, சோதிக்காத பக்கம் 85. அவர்களுக்கு இறப்பு வீதம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அது தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவு. 15 வருஷக் கணக்கு 2013-ல் வந்தபோது இந்தக் குறைவு 24 சதவீதம் என்று நின்றது.

எனக்கு அந்தக் கட்டுரையில் உறுத்திய எண் வேறு. சந்தேகம் என்று டாக்டரிடம் அனுப்பப்பட்டவர்கள் 5,145 பேர். போனவர்கள் 3,218. மீதி 1,927 பேர் போகவே இல்லை. நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. "கத்தி பட்டா பரவிரும்" என்ற பேச்சை இன்றும் கேட்கிறோம். பேரன் கல்யாணம் முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களும் நம் தெருவிலேயே உண்டு. சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதால் புற்று பரவுவதில்லை. நாள் கடத்துவதால்தான் முற்றுகிறது.

அமெரிக்காவில் இதே பரிந்துரையைப் பார்த்த நிபுணர் குழு, எல்லோருக்கும் செய்யச் சொல்லவோ வேண்டாமென்று சொல்லவோ ஆதாரம் போதாது என்றது. அங்கே வெற்றிலை போடுகிறவர்கள் எத்தனை பேர்! இங்கே மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் வகுத்த திட்டத்தில், 30 வயது தாண்டியவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு ரத்தத்தில் ஏதேதோ பார்க்கும் 'பேக்கேஜ்' சோதனைகளைவிட, செலவில்லாத இந்த ஒரு நிமிஷச் சோதனை மேல் என்பது என் அபிப்பிராயம்.

"நான் போயிலை போடுறதில்லை, வெறும் பாக்குதான்" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். லியோனில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2003-ல் கூடிப் பார்த்து, பாக்கே புற்றை உண்டாக்கக்கூடியது என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது. சின்ன வயதில் போட்டு இப்போது விட்டுவிட்டவர்களும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் பிரஷர் பார்க்கிற அன்றைக்கே கேளுங்கள். பல்செட் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றிவிட்டுத்தான் காட்ட வேண்டும், திட்டு அதன் அடியிலும் இருக்கலாம்.