ஒரு ராக் குழுவும் ஒரு வழக்கும்

ராக் இசை என்றதும் நீளமான தலைமுடியும் காதைக் கிழிக்கும் கிடாரும்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வரும். ஆனால் ஒரு ராக் குழு மீது போட்ட வழக்கு, ஒரு நாட்டின் எதிர்ப்பு இயக்கத்துக்கே பிள்ளையார் சுழி போட்டது தெரியுமா?

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் டாங்கிகளோடு நுழைந்தன. டூப்செக் கொண்டுவந்த சீர்திருத்தங்கள் அத்தோடு நின்றன. அடுத்த மாதமே பிராக் நகர இளைஞர்கள் சிலர் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். அமெரிக்கரான ஃபிராங்க் ஸாப்பாவின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது.

இவர்கள் புரட்சிப் பாட்டு எதுவும் பாடவில்லை. தங்களுக்குப் பிடித்ததைப் பிடித்த மாதிரி வாசித்தார்கள். அவ்வளவுதான். ஆனால் அங்கே காசு வாங்கிக்கொண்டு மேடை ஏற அரசு உரிமம் வேண்டும். 1970-ல் அது பறிபோனது. பிறகு நண்பர்களின் கல்யாணங்களிலும் கிராமங்களிலும் வாசித்தார்கள். 1974-ல் செஸ்கே புடயோவிட்சே ஊருக்குப் பக்கத்தில் நடக்கவிருந்த கச்சேரிக்கு வந்த ரசிகர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது.

1976 மார்ச்சில் கைதுகள். செப்டம்பரில் நான்கு பேருக்கு 8 முதல் 18 மாதம் வரை சிறை. அதிகபட்ச தண்டனை, குழுவை வழிநடத்திய இவான் யிரோஸுக்கு. குற்றம்? பொது அமைதியைக் கெடுத்தார்களாம்!

அரசு போட்ட கணக்கு இங்கேதான் தப்பியது. வழக்கைப் பார்க்க வந்தவர்களில் நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலும் ஒருவர். அரசியலே பேசாத பையன்களையும் உள்ளே தள்ளலாம் என்றால் நாளை யாரையும் தள்ளலாம் என்பது அவருக்குப் புரிந்தது. அதுவரை ஒட்டாமல் இருந்த எழுத்தாளர்கள், தத்துவவாதிகள், பழைய கம்யூனிஸ்டுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தார்கள். 1977 ஜனவரியில் 'சாசனம் 77' வெளிவந்தது. கையெழுத்திட்ட பலருக்கு வேலை போனது. தத்துவப் பேராசிரியர் யான் படோச்கா, நீண்ட போலீஸ் விசாரணைகளுக்குப் பிறகு அதே மார்ச்சில் இறந்துபோனார்.

1989 டிசம்பரில் அதே ஹாவெல் ஜனாதிபதி ஆனார். அடுத்த மாதம் பிராக் வந்த ஸாப்பாவை அவரே வரவேற்றார்.

கிடார் ஒரு ஆட்சியைக் கவிழ்த்தது என்று சொன்னால் அது மிகை. மாஸ்கோவில் கோர்பசேவ் வந்ததும், தெருவில் இறங்கிய லட்சக்கணக்கான மக்களும்தான் அதைச் செய்தார்கள். ஆனால் அந்தப் பாட்டை அரசியலாக்கியது பாடியவர்கள் அல்ல, பயந்தவர்கள். எந்த நாட்டிலாவது பாட்டுக்குத் தடை என்று செய்தி படித்தால், பாடியவரை மட்டும் பார்க்காதீர்கள். பயப்படுவது யார் என்றும் பாருங்கள்.