வெளியே முப்பது, உள்ளே இருபத்தொன்று: ஃபோர்டு மாடல் டி காரின் சக்கர, டயர் அளவுகள் (1908–1927)

ஃபோர்டு நிறுவனம் 1908 அக்டோபரில் அறிமுகப்படுத்திய மாடல் டி கார் 1927 மே வரை உற்பத்தியில் இருந்தது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட கார்கள் வெளிவந்தன. அந்தக் காலம் முழுவதும் அதன் டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய 30 அங்குலமாகவே நின்றது. டயரைத் தாங்கிய ரிம்மோ 24 அங்குலத்திலிருந்து 21 அங்குலமாகக் குறைந்தது. வெளியளவு அசையாமல் நிற்க, உள்ளளவு மட்டும் சுருங்கியது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சாலையும் கியர் விகிதமும் வெளிவிட்டத்தை நிறுத்திவைத்தன. டயர் ரிம்மைப் பற்றிக்கொள்ளும் முறை மாறிய பிறகே ரிம் சுருங்க வழி பிறந்தது என்பது இதன் வாதம்.

தொடக்க அளவுகள்

அமெரிக்காவில் விற்ற கார்களின் முன்சக்கரத்தில் 30×3 டயரும், பின்சக்கரத்தில் 30×3½ டயரும் இருந்தன. முதல் எண் வெளிவிட்டம். இரண்டாவது எண் டயரின் அகலம். அக்கால டயரின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே வெளிவிட்டத்திலிருந்து அகலத்தை இருமுறை கழித்தால் ரிம்மின் விட்டம் கிடைக்கும்: முன்னே 24 அங்குலம், பின்னே 23 அங்குலம்.

பின்சக்கரம் கூடுதல் சுமையைத் தாங்குவதோடு காரை உந்தித் தள்ளவும் வேண்டும் என்பதால் அதற்கு அகலமான டயர் பொருந்தியது. ஆனால் முன்டயர் பின்னே ஏறாது, பின்டயர் முன்னே ஏறாது. தொலைவு செல்பவர் இரண்டு அளவு டயர்களையும் டியூப்களையும் உடன் கொண்டுபோக வேண்டியிருந்தது. கனடாவில் தயாரான கார்களுக்கு நான்கு சக்கரத்திலும் 30×3½ டயரே பூட்டப்பட்டதால், அங்குள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சாலை விதித்த அளவு

1908இல் அமெரிக்கக் கிராமச் சாலை பெரும்பாலும் மண் சாலைதான். மழை பெய்தால் குதிரை வண்டிகளின் தடம் ஆழமாகப் பதிந்துவிடும். கார் அந்தத் தடத்திலேயே ஓட வேண்டும். இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் பொதுவாக 56 அங்குலம். வண்டித் தடம் அகலமாக இருந்த தென் மாநிலங்களுக்கென 60 அங்குல அகலத்திலும் ஃபோர்டு கார்கள் கிடைத்தன. சேற்றில் குறுகிய டயர் தடத்துக்குள் அடங்கி அடியிலுள்ள கெட்டி மண்ணைத் தொடும். பெரிய சக்கரம் பள்ளத்தில் குறைவாக இறங்கும், எளிதில் ஏறும், அச்சையும் தரையிலிருந்து உயர்த்தி வைக்கும். உயரமும் ஒல்லியும் சேர்ந்த அந்தச் சக்கரம் சாலைக்கேற்ற தேர்வாகவே இருந்தது.

கியர் விதித்த அளவு

அப்படியானால் 34 அங்குலச் சக்கரம் இன்னும் நன்றாக இருந்திருக்காதா? கணக்குப் போட்டால் விடை தெரியும். பின்னச்சில் 11 பற்கள் கொண்ட சிறு பற்சக்கரம் 40 பற்கள் கொண்ட பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றியது. விகிதம் ஏறக்குறைய 3.64. டயர் சுமையில் சற்று நசுங்குவதை விட்டுவிட்டால், 30 அங்குலச் சக்கரம் ஒரு மைலுக்கு 672 முறை சுழலும். மணிக்கு 40 மைல் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,630 சுற்றுகள் சுழலும். அதன் 20 குதிரைத்திறன் கிடைப்பது 1,600 சுற்றில். இரண்டும் ஒட்டிவருவதைக் கவனிக்க வேண்டும்.

சக்கரத்தை 34 அங்குலமாக்கினால் இழுவிசை 12 விழுக்காடு குறையும். முன்னோக்கிச் செல்ல இரண்டே கியர்கள் கொண்ட காரில் அந்த இழப்பை ஈடுகட்ட வேறு கியர் கிடையாது. 28 அங்குலமாக்கினால் அதே வேகத்துக்கு எஞ்சின் சுமார் 1,750 சுற்றுகள் சுழல வேண்டும்; தரை இடைவெளியும் குறையும்.

கிளிஞ்சர் டயர் இட்ட எல்லை

முதல் டயர்கள் கிளிஞ்சர் வகை. டயரின் ரப்பர் விளிம்பு, உட்புறம் வளைந்த ரிம் உதட்டுக்குள் கொக்கிபோல மாட்டிக்கொள்ளும். உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே அந்தப் பிடியை இறுக்கியது. சதுர அங்குலத்துக்குச் சுமார் 60 பவுண்டு காற்று தேவைப்பட்டது. காற்று குறைந்தால் விளிம்பு நழுவும், டியூப் கிள்ளப்படும். ஆகவே மென்மையான ஓட்டத்துக்காகக் காற்றைக் குறைப்பது இவ்வகையில் முடியாத காரியம்.

தொடக்கத்தில் ரிம் மரச்சக்கரத்தோடு பிணைந்தே இருந்ததால், பஞ்சரானால் சாலையோரத்திலேயே டயரை நெம்பிக் கழற்ற வேண்டும். கழற்றி மாட்டும் ரிம் 1919இல் விருப்பத் தேர்வாக வந்தபோது நான்கு சக்கரத்துக்கும் 30×3½ என ஒரே அளவு அமைந்தது. கூடுதல் சுமை ஏற்றியவர்கள் அதே 23 அங்குல ரிம்மில் 31×4 டயரைப் பூட்ட முடிந்தது. வெளிவிட்டம் ஒரு அங்குலம் கூட, அகலம் அரை அங்குலம் கூடும், ரிம் மாறாது.

பலூன் டயர்

1923இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பலூன் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் விளிம்புக்குள் இருந்த எஃகுக் கம்பி, காற்றின் தயவின்றி ரிம்மைப் பற்றியது. நெய்த துணிக்குப் பதிலாக வந்த இணைநூல் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறுவதும் குறைந்தது. இவ்விரண்டும் சேர்ந்ததால் டயர் பக்கவாட்டில் தாராளமாக வளைய முடிந்தது. அழுத்தம் பாதியளவுக்கு இறங்கியது.

மாடல் டி காருக்கு 1925இல் 4.40 அங்குல அகலமுள்ள பலூன் டயர் 21 அங்குல ரிம்மில் விருப்பத் தேர்வாகவும், 1926இல் வழக்கமான பொருத்தமாகவும் ஆயிற்று. 21 அங்குலத்தோடு 4.40ஐ இருமுறை கூட்டினால் 29.8. பழைய 30 அங்குலம் அப்படியே நின்றது. ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு 3 அங்குல டயரைவிட இரு மடங்குக்கும் சற்று மேல். தரையைத் தொடும் பரப்பு பெருகியதால் ஸ்டியரிங் கனத்தது. அதை ஈடுகட்ட ஸ்டியரிங் விகிதம் 4:1இலிருந்து 5:1 ஆக மாற்றப்பட்டது.

முடிவு

டயர் அளவு தனித்து முடிவாவதில்லை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. எஞ்சின், கியர், தரை இடைவெளி ஆகியவை வெளிவிட்டத்தை முடிவுசெய்கின்றன. சுமை அகலத்தை முடிவுசெய்கிறது. ரிம்மின் வடிவம் அழுத்தத்துக்கு எல்லை இடுகிறது. இன்று பழைய காரைப் பேணுபவர்களும் இந்த வரிசையிலேயே சிந்திப்பது நல்லது. முதலில் ரிம் எவ்வகை, அதன் விட்டம் என்ன என்று அளக்க வேண்டும். பிறகே டயரைத் தேட வேண்டும். கிளிஞ்சர் ரிம்மில் பூட்டிய டயரைப் பலூன் டயர்போல் குறைந்த காற்றில் ஓட்டுவது ஆபத்து. பலூன் டயருக்கு மாற விரும்பினால் சக்கரத்தையும் ஸ்டியரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.