மேட்டுக்காட்டுக் குழு கடற்கரைக்குப் போன கதை

எங்க சேலம், நாமக்கல் பக்கத்துக்கும் கடலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கடலூர் போகவே 200 கிலோமீட்டர். ஆனா 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பெண்களிடம் அரசு கொண்டுபோன முக்கியமான கருவி, இந்த வறண்ட மேட்டுக்காட்டுப் பக்கம் உருவானது. மகளிர் சுய உதவிக் குழுவைத்தான் சொல்றேன்.

தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஆரம்பிச்சது 1983-ல். 1989 செப்டம்பரில் ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த உதவியோடு தர்மபுரியில் குழுக்களைத் தொடங்கினாங்க. 1991-92-ல் திட்டம் சேலத்துக்கு வந்தது. நாமக்கல் அப்போ சேலத்துக்குள்ளேயே இருந்தது, தனி மாவட்டம் ஆனது 1997-ல். (தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் தொடங்கினதும் இதே சேலத்தில்தான். பிறந்த பெண் குழந்தையைக் காப்பாத்தவே அரசு தொட்டில் வைக்க வேண்டியிருந்த மாவட்டம். இதை மறந்துட்டு குழுக்களை வெறும் கடன் திட்டமா பார்க்கக் கூடாது.)

குழுவின் லாஜிக் எளிமையானது. 12 முதல் 20 பெண்கள், கூட்டம், சேமிப்பு, உள்கடன், பிறகு வங்கிக் கடன். கடனில் ஆடு வாங்கலாம், கறவை மாடு வாங்கலாம். மாடு ரெண்டு வேளையும் கறக்கும், பால் சொசைட்டியில் பணம் வரும், தவணை கட்டிடலாம்.

இப்போ கடலூர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கரையைவிட்டுத் தள்ளி கடலில் இருந்த படகுகளுக்குக் கீழே அலை பெரிசா தெரியாமலே கடந்து போச்சு. கரையில் மீனுக்காகக் காத்திருந்தவங்க பெண்கள். பலருக்கு நீச்சல் தெரியாது. இடுப்பில் குழந்தை, காலைச் சுத்தின சேலை. ஆக்ஸ்ஃபாம் 2005 மார்ச்சில் வெளியிட்ட கணக்குப்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146.

பிழைச்ச பெண்களின் பிரச்சினை வேற. படகு, வலை, இஞ்சின் எல்லாம் நிவாரணக் கணக்கில் வந்தது. மீன்காரம்மாவின் அன்னக்கூடை, தராசு, ஏலத்தில் கடனா எடுத்த மீன், இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுறது? டேட்டாபேஸோடு மாரடிக்கிறவங்களுக்கு இது பழகின சங்கதி: டேபிளில் காலம் இல்லைன்னா அந்த ஆளே உலகத்தில் இல்லை. மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தும் ஆண்களோடதுதான். கரையோர வயல்களில் கூலிக்குப் போன தலித் பெண்களும் இருளர் பெண்களும் பட்டியலுக்கு இன்னும் தள்ளி நின்னாங்க. மனைவியை இழந்த ஆண்களுக்குச் சின்ன வயசுப் பெண்களைக் கட்டிவச்சிடுவாங்களோ என்கிற கவலையும் அப்போதே எழுந்தது.

அந்தச் சூழலில் 2005 மார்ச்சில் வந்த வீட்டு வசதி அரசாணையை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். புது வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கணும்னு அது சொன்னது. பட்டா கைக்கு வர பல ஊர்களில் வருஷக்கணக்கா ஆச்சு, அது வேற விஷயம். ஆனா காலம் உருவாயிடுச்சு.

குழுக்கள் விஷயத்துக்கு வர்றேன். அதே பன்னாட்டு நிதியத்தின் கடனில், சுனாமிக்குப் பிந்தைய வாழ்வாதாரத் திட்டம் 2007-ல் நடைமுறைக்கு வந்தது. நடத்தினதும் அதே மகளிர் மேம்பாட்டு நிறுவனம். கணக்குப் புத்தகமும் வங்கி மேனேஜரைப் பார்த்துப் பேசுற தைரியமும் குழுவால் வந்தது, அதைக் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா மீன் வருமானம் பால் வருமானம் இல்லை. ஒரு நாள் கூடை நிறையும், மறுநாள் வெறுங்கூடை. ஏப்ரல் 15 ஆனா விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போ 45 நாள், 2017-லிருந்து 61 நாள். மழைக்காலத்தில் புயல் வேற. வரவு நிக்கும், தவணை நிக்காது. மாட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டையை மீனுக்குப் போட்டா இப்படித்தான் ஆகும்.

கடலின் காலண்டரைப் பார்த்துப் போட்ட திட்டமும் தமிழ்நாட்டில் உண்டு: மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம். மீன்பாடு உள்ள மாசங்களில் ஒரு பெண் மொத்தம் 1,500 ரூபாய் கட்டுவாங்க, மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்த்து, வருமானம் இல்லாத மாசங்களில் 4,500 ஆகத் திருப்பித் தரும். இதில் சேர மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினரா இருக்கணும். கடலூரில் கூடை தூக்குற இருளர் பெண்ணுக்கு அந்தச் சங்கத்தில் யார் இடம் கொடுப்பாங்க?