கல்கிசை ஹோட்டல்: காதல் கதைக்குப் பின்னால் நிற்கிற கற்கள்

இரத்மலானையில இருக்கிற எங்களுக்குக் கல்கிசை பக்கத்து ஊர். இரண்டு ஊரும் ஒரே மாநகர சபைக்குள்தான் வருகின்றன. காலி வீதியில 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் இரண்டையும் தொட்டுக்கொண்டுதான் ஓடும். ஹோட்டல் றோட்டால கடலை நோக்கி நடந்தால், கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிற ஒரு பாறை மேட்டில் வெள்ளை வெளேரென்று அந்தக் கட்டடம் தெரியும். அதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது ஒரு காதல் கதைதான்.

கதை இதுதான். 1805 முதல் 1811 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர் சேர் தோமஸ் மெயிட்லண்ட். 1806இல் இந்த மேட்டில் தனக்கொரு வாசஸ்தலத்தைக் கட்டத் தொடங்கினார். அவருக்கும் லொவினா என்ற நடனப் பெண்ணுக்கும் காதல் உண்டானதாகவும், அவளின் வீட்டுக் கிணற்றிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு ஒரு சுரங்கப்பாதை இருந்ததாகவும் சொல்கிறார்கள். மெயிட்லண்ட் கடைசிவரை கலியாணம் கட்டவில்லை, 1824இல் இறந்தார். 'மவுண்ட் லவீனியா' என்ற பெயரே அவளால்தான் வந்தது என்பார்கள். அதை மறுத்து, கடற்பறவையைக் குறிக்கும் 'லிஹினியா' என்ற சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சிங்களத்தில் இந்த ஊருக்குக் கல்கிஸ்ஸ என்று பெயர். அதில இருக்கிற 'கல்' எங்கட கல்தான், பாறை.

காதல் கதையை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் அதில் லொவினா பேசுவதே இல்லை என்பதைக் கவனியுங்கோ. ஒரு பக்கம் பேரரசின் ஆளுநர், மற்றப் பக்கம் அவர் ஆளுகிற நாட்டின் ஏழைப் பெண். அவளுக்கு 'இல்லை' என்று சொல்ல முடிந்திருக்குமா? இந்தக் கேள்வியை அந்தக் கதை கேட்காது.

இனிக் கட்டடத்துக்கு வருவம். இன்று நாங்கள் பார்க்கிற பழைய பகுதியின் தோற்றம் பெரும்பாலும் மெயிட்லண்டுடையது அல்ல. 1820களில் ஆளுநர் எட்வேட் பார்ன்ஸ் அந்த வீட்டைப் பெரிதாக்கி மாளிகையாக்கினார். ஐரோப்பியச் செந்நெறிப் பாணித் தூண்களும் வளைவுகளும் அதற்கு ஒரு கம்பீரத்தைக் கொடுக்கின்றன. ஆனால் உயர்ந்த கூரையும் அகன்ற விறாந்தையும் இந்த ஊர் வெயிலுக்காக வந்தவை. கடற்காற்று உள்ளே புகுந்து மறுபக்கத்தால வெளியேற வேண்டும். மின்விசிறி இல்லாத காலத்தில் குளிர்மைக்கு அதுதான் வழி.

அந்தக் காலத்துக் கொழும்புக் கட்டடங்களின் உடம்பு என்ன தெரியுமா? பெரும்பாலும் கபுக்கல். நிலத்திலிருந்து வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றும் வெயிலும் பட இறுகிப்போகும் செம்மண் கல். இதைத்தான் பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் கண்டு, 1807இல் வெளியிட்ட நூலில், செங்கல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். கல்லோடு கல்லை ஒட்ட, பவளப்பாறையைச் சூளையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு. யாழ்ப்பாணத்தில எங்கட ஆக்கள் சுண்ணக்கல்லை வெட்டி வீடு கட்டினார்கள், இங்கே கபுக்கல். ஊர் எதைத் தருகிறதோ அதுதான் சுவர்.

ஆனால் அந்தக் கல்லை வெட்டினது ஆர், சுமந்தது ஆர்? பார்ன்ஸை வரலாறு 'வீதிகள் அமைத்த ஆளுநர்' என்று புகழ்கிறது. கொழும்பு–கண்டி வீதி அவர் காலத்தில்தான் வந்தது. அந்த வீதி வேலைக்கு அவர் இராஜகாரியத்தைப் பயன்படுத்தினார். மன்னர் காலத்துக் கட்டாய ஊழியத்தை வெள்ளைக்காரர் தங்கட தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரையில் 1832இல்தான் அது ஒழிந்தது. மாளிகையில் வேலைசெய்த கொத்தனாரின் பெயரோ சுண்ணாம்பு சுமந்த பெண்ணின் பெயரோ எந்தப் பலகையிலும் இல்லை. ஆளுநர்களின் பெயர்கள் மட்டும் தப்பிவிட்டன.

மாளிகையின் ஆயுளும் விசித்திரம்தான். இவ்வளவு செலவு இலண்டனுக்குப் பிடிக்கவில்லை. 1842இல் அரசாங்கம் அதை விற்றுவிட்டது. 1877இல் கரையோர ரெயில் பாதை பாணந்துறை வரை நீண்டபோது, அதே வருசம் கட்டடம் ஹோட்டலானது. கோட்டையில் ஏறினால் கடலைப் பார்த்துக்கொண்டே வந்து இறங்கலாம் என்ற நிலைமை வந்த பிறகு, விற்கப்பட்ட மாளிகைக்குப் புது உயிர் வந்தது. 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்தில் இராணுவ வைத்தியசாலையாகக் காட்டப்படுவது இந்தக் கட்டடம்தான்.

இதோடு ஒப்பிட வெள்ளவத்தையில இன்னொரு இடம் இருக்கிறது. ஸ்பின்னிங் அன்ட் வீவிங் மில். தமிழரும் மலையாளிகளும் சிங்களவரும் சேர்ந்து உழைத்த ஆலை. 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிற்சங்கத் தலைவராக நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று. அந்த ஆலை இன்று இல்லை. அந்தக் காணியில் ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கின்றன.

ஆளுநரின் வீடு தப்பியது, தொழிலாளரின் ஆலை தப்பவில்லை. கல் உறுதியாக இருந்தால் மட்டும் ஒரு கட்டடம் நிலைக்காது. அதை வைத்திருப்பதால் ஆருக்காவது லாபம் இருக்க வேண்டும், அல்லது அதைப் பற்றிக் கதைக்க ஆக்கள் இருக்க வேண்டும். முதலாவது எங்கட கையில் இல்லை, இரண்டாவது இருக்கிறது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளை உடைத்து மாடி எழுப்புவது இன்றைக்கும் நடக்கிறது. உங்கட ஒழுங்கையில் ஓட்டுக்கூரையோடு ஒரு வீடு மிஞ்சியிருந்தால், உள்ளே இருக்கிற அம்மம்மாவிடம் போய்க் கேளுங்கோ: இந்த வீட்டை ஆர் கட்டினது, கல் எங்கயிருந்து வந்தது, 58இலும் 83இலும் இங்கே என்ன நடந்தது என்று. கேட்டதை எழுதி வையுங்கோ. ஒரு போட்டோவும் எடுங்கோ. வீடு உடைபட்ட பிறகு கேட்க ஆளும் இருக்காது, காட்டச் சுவரும் இருக்காது.